மாப்பிள்ளை வண்டி ஊளையிட்ட விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மணிகண்டராஜ் அவர்களுக்கு,

தாயில்பட்டி மாமனார் சங்கிலிமுத்து வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை கருப்பம்மாள், என் மகள் ரோஜா, தாங்கள் விட்டுச் சென்ற பிக்கப் வண்டி ஆகிய நால்வரும் நலம். புனே கம்பெனிச் சாப்பாடு தங்கள் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று அறிய ஆவல். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் ரோஜா குறுக்கே விழுந்து கதையை அவள் இஷ்டத்துக்குத் திருப்பிவிடுவாள். ஆகவே கூரியர்.

முதலிலேயே சந்தோஷ சமாச்சாரம். வண்டியில் ஒரு சத்தம் வந்தது, போய்விட்டது! நானே போக்கிவிட்டேன்!

தாங்கள் சாவியைக் கொடுக்கும்போது, "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க மாமா, போதும்" என்றீர்கள். நான் தினமும் பண்ணினேன். ஸ்டார்ட் பண்ணிய வண்டியைச் சும்மா உறும விடுவானேன் என்று சாத்தூர் வரை ஓட்டினேன், வெறும் வண்டி குதிக்கிறதே என்று பட்டாசு ஆபீசுக்கு, அதான் நான் வேலை பார்த்த பாக்டரிக்கு, அட்டைப்பெட்டி லோடு ஏற்றினேன், தீபாவளி சீசன் சூடு பிடித்ததும் அதுவே தொழிலாகிவிட்டது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கு மாப்ளே, பட்டாசு ஆபீசில் இத்தனை வருஷம் "ஏலே சங்கிலி" என்று கூப்பிட்டவனெல்லாம் இப்போ "ஓனரே, லோடு இருக்கு, வாங்க" என்கிறான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கியதும் தாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "மாமா, சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டிவிடுவீர்களோ என்ற பயம்தான் என்னை இம்புட்டுப் பாடு படுத்தியது.

சத்தம் எப்படியென்றால், வேகம் ஐம்பதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஊய்ய்ங் என்று ஒரு ஊளை. காலை எடுத்தால் முனகல். நியூட்ரலில் உருட்டினாலும் விடவில்லை, ஆக இஞ்சின் இல்லை. டயரோ என்று முன்னதைப் பின்னால் மாட்டினேன், பின்னதை முன்னால் மாட்டினேன், அதுபாட்டுக்கு ஊளையிட்டது. எந்த இடத்தில் என்று பிடிக்க யாராவது பின்தொட்டியில் காதை வைத்துப் படுக்கவேண்டும். நான் ஓட்டவேண்டியவன். ரோஜா தங்கள் மனைவி, அவளைப் படுக்கச் சொல்வது மரியாதையில்லை. அத்தையைப் படுக்கப்போட்டேன். சத்தம் வரும் இடத்தில் காதை வைத்ததும் கேபினைத் தட்டவேண்டும் என்று பேச்சு. சாத்தூர் ரோட்டில் குப்புறக் கிடந்தபடி அவள் படபடவென்று தட்ட, பார்த்தவர்களெல்லாம் பதறி ஒதுங்க, ஒரு புண்ணியவான் பைக்கில் முன்னால் பாய்ந்து ஹாரன் அடித்து வழி விலக்கி எங்களை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது மாப்ளே! அத்தை எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லய்யா, வண்டிக்குத்தான் நடுவயித்துல கோளாறு" என்றாள். பளிச்சென்று புரிந்துவிட்டது! பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி புடைத்திருக்குமே, பல்சக்கரங்கள் இருக்கிற இடம், மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்களே, அங்கனதான் சத்தம்!

மறுநாள் பட்டாசு ஆபீஸ் கேட்டுக்கு வெளியே லோடுக்குக் காத்திருந்தபோது, ஸ்பேனரோடு அடியில் புகுந்து அந்தக் குடத்தின் ஆயில் மூடியைக் கழற்றினேன். குப்பென்று கந்தக வாடை! வாழ்நாளெல்லாம் பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் நின்ற உடம்பு யோசிக்கவா செய்யும்? "ஏ, ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு நான்தான் முதலில் ஓடினேன். ஒவ்வொரு ரூமிலிருந்தும் ஆட்கள் போட்டது போட்டபடி பொட்டலுக்குப் பாய்ந்தார்கள். போர்மேன் கற்பகவல்லி மட்டும் எதிர்த்திசையில் ஓடிவந்து மணல் வாளியைத் தூக்கி வண்டிக்கு அடியில் கொட்டு கொட்டென்று கொட்டினாள். சாத்தூரிலிருந்து மெக்கானிக் சவரியப்பன் வந்து முகர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, கிரவுன் ஆயிலோட வாடையே இதுதான். அதுல கந்தகம் சேர்த்துத்தான் வருது" என்றார். கற்பகவல்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இனி சத்தமில்லாத வண்டியா வந்தா வாங்க. இல்லாட்டி இங்கன தலைய காட்டாதீக" என்று சொல்லிவிட்டாள். பொட்டலில் நின்ற ஜனமெல்லாம் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சவரியப்பன் நம் வீட்டு வாசலிலேயே வண்டியை ஜாக்கியில் ஏற்றி அந்தக் குடத்தைக் கழற்றினார். சீல் போய் ஆயில் கசிந்து, வறண்டு ஓடியதில் பேரிங் தேய்ந்திருக்கிறது. புதுப் பேரிங், புது சீல் போட்டு, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, பல்லோடு பல் சரியாகப் பதிகிறதா என்று பார்த்து எல்லாம் முடித்தார். திரும்ப மாட்டவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அவர் சேர்ந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் புறப்பட்டுவிட்டது. "வந்து நானே மாட்டுறேன், நீங்க தொடாதீக" என்று சொல்லிப் போனார். என் வயசை நினைத்து மரியாதைக்குச் சொல்லியிருப்பார். அவர் திரும்பி வரும்வரை தாங்கள் பொறுத்தாலும் சீசன் பொறுக்குமா? அத்தை ஒருபக்கம் பிடிக்க நானே தூக்கி மாட்டிவிட்டேன். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று சின்னச் சந்தேகம் வந்தது. ஓட்டைகள் அளவாகப் பொருந்தியதும் அதுவும் தீர்ந்தது. ஆயிலை ஊற்றி, ஜாக்கியிலேயே வைத்து நாலு கியரும் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது, சத்தம் துளிகூட இல்லை! தெருவே கூடிநின்று பார்த்தது மாப்ளே!

ஆகவே தாங்கள் நிம்மதியாக ரயில் ஏறவும். குலசாமி அய்யனார் தங்கள் தலைமாட்டிலேயே நின்று காப்பாராக. வெள்ளிக்கிழமை தங்கள் வண்டியிலேயே, பூமாலை போட்டு, சத்தமில்லாமல் வந்து அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமா,
த. சங்கிலிமுத்து

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி முதல் கியர் போட்டேன். நேரே பின்னால் போய்க் கோழிக்கூட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு, மூன்று, எதைப் போட்டாலும் பின்னால்தான். குடத்தைத் தலைகீழாக மாட்டியதால்தான் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று ரோஜா சொல்கிறாள். தாங்கள் பதறவேண்டாம், ரிவர்ஸ் கியர் போட்டால் அம்சமாக முன்னால் போகிறது. என்ன, ரிவர்ஸ் போட்டதும் தாங்கள் ஆசையாக மாட்டிவைத்த பீப்பி மியூசிக் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது, வண்டி நிற்கிறவரை அடிக்கிறது. ரிவர்சில் வேகமும் வராது, ஆகவே வியாழக்கிழமையே புறப்பட்டுவிடுவேன். ஸ்டேஷன் வாசலில் மியூசிக் கேட்டால் நான்தான். சாவியை மட்டும் கேட்டுவிடாதீக மாப்ளே. ரிவர்சில் முன்னால் ஓட்ட நம்ம ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் தெரியும், உங்களுக்கு வராது.