மாதாவின் மோதிரவிரல்

அந்தச் சனிக்கிழமை காலை எலாதியோ ஒரு முடிவுக்கு வந்தான். இனி தன் மனைவியின் நகங்களைத் தான் ஒருவனே தொடுவது.

அதை அவன் அறிவித்தபோது மிலா அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மீனைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதைத் தொடப் போறே?"

"நகத்தை."

"யாரோட நகத்தை?"

"உன்னோடதைத்தான். வேற யாரோடதைத் தொடுவேன்?"

"அப்ப துல்சே?"

"அவ இனிமே வர வேண்டாம்."

லிலியூ ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு நகம் பார்ப்பவள் துல்சே. ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு குட்டை முக்காலி, ஓயாத வாய். இவை மூன்றும் சனிக்கிழமை பத்து மணிக்கு மிலாவிடம் வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

"ஏன், அவ என்ன பண்ணினா?"

இதற்கு எலாதியோ இரண்டு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தான். "அவ பூசற பூச்சு, அதை அழிக்கிற தண்ணி, எல்லாமே மருந்து மிலா. மண்ணெண்ணெய்க்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. உன் நகத்தைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு. மூச்சு விட முடியாம கிடக்கு. கொஞ்ச நாள் இயற்கையா விட்டுப் பாரு. தேங்காயெண்ணெய் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு நகம் பார்க்கத் தெரியுமா?"

"இருபத்தாறு வருஷமா செருப்புக்கு அடி தேய்ச்சுக் குடுக்கறேன். நகம் என்ன அதைவிடப் பெரிசா?"

மிலா அடுப்பை அணைத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. கல்யாணத்துக்கே ஏழு மாதம் யோசித்தவள். எலாதியோ அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவன் சந்தோஷத்தில் இருந்தான். கவனிக்கவில்லை.

விஷயம் நகமே அல்ல. விரல்.

வியாழக்கிழமை மிலா சந்தைக்குப் போயிருந்தாள். வாசல் பக்கப் பட்டறையில் செருப்பு தைத்துக்கொண்டிருந்த எலாதியோ தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். மாதா பீடத்தில் ஒரு கரப்பான் பூச்சி. மாதாவின் நீல அங்கியில் ஏறி, தோளில் நின்று, அவனைப் பார்த்து மீசையை ஆட்டியது. அவன் கையில் அப்போதுதான் முடித்த ஒன்பதாம் நம்பர் செருப்பு இருந்தது. பக்தியோடு வீசினான். கரப்பான் பறந்துவிட்டது. மாதாவின் வலது கை மோதிரவிரலும் பறந்துவிட்டது.

விரல் தரையில் உருண்டது. அவன் குனிவதற்குள், வாசல் வழியாக உள்ளே உலாவ வந்த சாம்பல் கோழி அதைக் கொத்தியது. ஒரு தடவை கழுத்தை நீட்டிச் சுருக்கியது. அவ்வளவுதான்.

"இயேசுவே, மரியாயே, சூசையப்பரே!" என்று அலறினான் எலாதியோ. மூவரில் ஒருவர் எதிரிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்பது விரலோடு.

அது மிலாவின் அம்மா வைத்திருந்த சுரூபம், மரத்தில் செதுக்கிய சிலை. அம்மா இறந்தபோது அது யாருக்கு என்பதில் மிலாவுக்கும் அவள் அக்கா கொன்சோலாவுக்கும் இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. கடைசியில் மிலா வீட்டில் இருக்கட்டும் என்று கொன்சோலா விட்டுக்கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு. "ஒரு கீறல் விழட்டும். அன்னிக்கே என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்." வருஷா வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு மாதா பவனி போகும். முந்தின நாள் நாலு மணிக்குக் கொன்சோலா வந்து, அங்கி மாற்றி, மாதாவின் கை மறையும்படி மல்லிகைச் சரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவாள்.

மிலா காலையில் எழுந்ததும் முதலில் பேசுவது மாதாவோடுதான். எலாதியோவைப் பற்றிய புகார்களையும் அங்கேதான் கொடுப்பாள். அந்தப் பீடம் காலியாக இருந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்தபோது எலாதியோ பட்டறைக்கு நடந்தான். அந்தப் புகார்களெல்லாம் நேராகத் தன்னிடமே வரும் என்று நினைத்தபோது ஓடினான்.

பெண்களின் செருப்புக் குதிக்கு வைக்கும் மரத்துண்டில் ஒரு விரல் செதுக்கினான். செருப்புப் பசையால் ஒட்டினான். மிலாவின் ரோஜா நிற நகப்பூச்சை எடுத்து மேலே பூசினான். நாலடி தள்ளி நின்று பார்த்தான். விரல்தான். சந்தேகமில்லை. மிலா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்பவள். பிரச்சினை இல்லை.

பிரச்சினை துல்சே. அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் விரல்களைப் பார்ப்பாள். பிறகுதான் முகம். அவள் முக்காலி போடும் இடம் பீடத்துக்கு நேர் எதிரே. நகம் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் கேட்பாள், சொல்லுவாள். சனிக்கிழமை பத்து மணிக்கு இங்கே என்றால் இரண்டு மணிக்குக் கொன்சோலா வீடு.

ஆகவேதான் அந்த முடிவு.

முதல் நாள் மிலா கிண்ணத்து வெந்நீரில் விரல்களை ஊற வைத்துவிட்டு, ராணி மாதிரிக் கையை நீட்டினாள். எலாதியோ முக்காலியில் உட்கார்ந்து, பட்டறை உப்புத்தாளை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"ஐயோ! நான் என்ன செருப்பா?"

"கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். ஆனா வேலை சீக்கிரம் முடியும்."

"விரலே முடிஞ்சிடும். துல்சே சின்ன அரம் வெச்சிருப்பா. பூ மாதிரித் தேய்ப்பா."

"பூவை யாராவது தேய்ப்பாங்களா?"

"வாயை மூடிட்டுத் தேய்."

மறுநாள் தெருவில் துல்சே எதிரே வந்தாள். "என்ன அண்ணே, என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஈர நகத்துல அரம் போடாதீங்க. பிரிஞ்சு பிரிஞ்சு வரும். காய விட்டு, ஒரே பக்கமா இழுங்க. நகக்கண்ணுல இருக்கற தோலை வெட்டாதீங்க, எண்ணெய் வெச்சு மெதுவா உள்ளே தள்ளுங்க." பிழைப்பு போனவள் தொழில் ரகசியத்தைச் சும்மா கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவாளா என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் தேறினான். அதற்கடுத்த சனிக்கிழமை அவனுக்கே ஒரு பெருமை வந்தது. அப்போதுதான் மிலா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் எலா, பூச்சு கெடுதல்னு சொன்னியே. பாத்திரம் கழுவற சோப்பு?"

"அது… அதுவும் கெடுதல்தான்." வேறென்ன சொல்ல முடியும்?

"துணி சோப்பு?"

"அதைவிட."

"ரொம்ப நேரம் தண்ணியில கை இருந்தா நகம் ஊறிப் போயிடுமாமே?"

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. இயற்கையா இருக்கணும்னு."

அன்றிலிருந்து பாத்திரம் எலாதியோ. ஏப்ரலில் துணியும் எலாதியோ. மீன் செதில் நகக்கண்ணில் குத்துகிறது என்றாள். மீனும் எலாதியோ. மிலாவின் நகங்கள் பளபளவென்று, பூச்சே இல்லாமல், உள்ளே ரோஜா தெரிய வளர்ந்தன. எலாதியோவின் நகங்கள் சோப்பில் வெளுத்துப்போய்க் கிடந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோழி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிலா, "அந்தச் சாம்பல் கோழியைப் பிடி. பப்பாளிக்காய் போட்டுச் சாறு வைக்கலாம்" என்றாள்.

"அதுவா? வேண்டாம்!"

"ஏன்?"

"அது… நல்ல கோழி."

"நல்லா இருக்கும்னுதான் கேக்கறேன்."

"குணத்தைச் சொல்றேன்."

மாதாவின் விரலை வயிற்றில் சுமக்கும் கோழியைச் சாறு வைத்துக் குடித்தால் எந்தச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது? எலாதியோ அதற்குத் தனியாக அரிசி போட ஆரம்பித்தான். அது எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டான். மிலா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கஷ்டமும் வந்தது. துல்சேதான் பேசிப் பேசி வீட்டு விஷயங்களைக் கறக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அப்படியில்லை. ஒரு மணி நேரம் ஒரு கையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தால், குனிந்திருப்பவனுக்கும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூன்றாவது சனிக்கிழமை, கொன்சோலா கட்டித் தரும் அரிசிப் பலகாரத்தைப் பதினைந்து வருஷமாக நாய்க்குப் போடுவதைச் சொல்லிவிட்டான். ஐந்தாவது சனிக்கிழமை, கல்யாணத்துக்கு முன் மிலாவுக்கு அனுப்பிய கடிதங்களைத் தன் நண்பன் எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டான்.

"தெரியும்" என்றாள் மிலா. "அதுல எழுத்துப்பிழை இல்ல."

பவனிக்கு முந்தின நாள் சனிக்கிழமை வந்தது. நாலு மணிக்குக் கொன்சோலா வருவாள். காலை பத்து மணிக்கு எலாதியோ மிலாவின் வலது கையைப் பிடித்தான். கட்டைவிரல் முடிந்தது. ஆட்காட்டி முடிந்தது. நடுவிரல் முடிந்தது. மோதிரவிரலுக்கு வந்ததும் அரம் ஒரே இடத்தில் நின்று தட்ட ஆரம்பித்தது.

"என்ன?" என்றாள் மிலா.

"ஒண்ணுமில்ல."

"அரம் என் விரல்ல தந்தி அடிக்குது. ஒண்ணுமில்லையா?"

எலாதியோ அரத்தைக் கீழே வைத்தான். கரப்பானில் தொடங்கி, செருப்பு, விரல், கோழி, மரத்துண்டு, பசை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கண்ணில் நீர் முட்டியது. "கொன்சோலா அக்கா மாதாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க மிலா. எல்லாம் என்னாலதான். நீ என்னைத் திட்டிடு. அழ மட்டும் செய்யாதே."

மிலா அழவில்லை. வலது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாக்கி.

"எலா, மரத்தைக் கோழி திங்குமா?"

"ம்?"

"நம்ம கோழி எப்பவாவது மரம் தின்னு பார்த்திருக்கியா?"

எலாதியோ யோசித்தான். பார்த்ததில்லை.

"அது அரிசி மாவு" என்றாள் மிலா. "மூணு வருஷத்துக்கு முன்னாடி தூசி தட்டும்போது நான் உடைச்சேன். உடைஞ்ச துண்டு சாக்கடையில போயிடுச்சு. துல்சேதான் மாவு பிசைஞ்சு, காய வெச்சு, மேல மூணு பூச்சு பூசி ஒட்டிக் குடுத்தா. அவ கைவேலை, உனக்கே தெரியலை பாரு."

"அப்ப… துல்சேக்கு…"

"எல்லாம் தெரியும். நீ வியாழக்கிழமை ஒட்டினே. நான் வெள்ளிக்கிழமை காலையில பார்த்தேன். மாதாவுக்கு வலது கையில ரெண்டு கட்டைவிரல்."

"கண்ணை மூடித்தானே ஜெபம் பண்ணுவே?"

"கண்ணைத் திறந்ததும் எதிர்ல அதானே இருக்கு?"

எலாதியோவின் நெஞ்சிலிருந்து பத்து வாரத்துப் பாரம் சரசரவென்று இறங்கியது. உடம்பே லேசாகி, முக்காலியிலிருந்து எழுந்துவிடுவோமோ என்று இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் இடித்தது.

"கொன்சோலா அக்கா?"

"மாதாவோட சுண்டுவிரலை அக்கா உடைச்சது அவ பள்ளிக்கூடம் படிக்கும்போது. அம்மா சத்தமில்லாம மாத்தி வெச்சாங்க. சாகும்போது என்கிட்ட மட்டும் சொன்னாங்க. இல்லேன்னா எதுக்கு வருஷா வருஷம் அந்தக் கையிலேயே அத்தனை பூவைச் சுத்தறா?"

எலாதியோ சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமினான். "அப்ப ஒண்ணுமே இல்லையா? எல்லாம் சரியா?"

"துல்சே புது விரல் செஞ்சு காய வெச்சிருக்கா. பன்னிரண்டு மணிக்குக் கொண்டு வர்றா. உன் பசை விடுமா?"

"என் பசையா? உலகமே அழிஞ்சாலும் விடாது."

"அப்ப அதைச் செருப்புக்கும் போடலாமே."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவ்வளவு நிம்மதி. "பத்து வாரமா இதைச் சொல்லாம ஏன் இருந்தே மிலா?"

"சொல்லியிருந்தா நகம் பார்த்திருப்பியா?"

"துல்சே பிழைப்பு போச்சே, பாவம்."

"அவளுக்கு அன்னிக்கே அந்த நேரத்துக்கு வேற வீடு பிடிச்சுக் குடுத்துட்டேன். இனிமே நகம் பார்க்க இங்கே வர அவளுக்கு நேரம் இல்ல."

வாசலில் சாம்பல் கோழி தன் பங்கு அரிசிக்காக வந்து நின்று, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. பத்து வாரத்தில் முதல் தடவையாக எலாதியோ அதற்கு வழிவிடவில்லை. அதன் தொடையைத்தான் பார்த்தான்.

"மிலா! அது வெறும் மாவு தின்ன கோழிதானே? இன்னிக்குப் பப்பாளிக்காய் போட்டுச் சாறு வைக்கலாமா?"

"வைக்கலாமே. ஆனா நான் தண்ணியில கை வைக்கக் கூடாதே. நீதானே சொன்னே."

"நானே பிடிக்கறேன், நானே உரிக்கறேன், நானே வைக்கறேன்!" எலாதியோ எழுந்து, கிண்ணத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினான்.

"கோழி எங்கேயும் போகாது, உட்காரு" என்றாள் மிலா. "மோதிரவிரலை முடி, சுண்டுவிரலை முடி. அப்புறம் இடது கை முழுசா இருக்கு."