குக்கருக்கு வந்த சக்கரவர்த்தி

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்து டீ பெக்டரியில் வேலை பார்க்கும் சுரேந்திரன், தன் வீட்டில் ஒரு சக்கரவர்த்தியைக் குடியேற்றுவது என்று முடிவு செய்தான். சக்கரவர்த்தியின் பெயர் ஜஸ்டினியன். ஒரு காலத்தில் பைசாந்தியத்தை ஆண்டவர். இப்போது பச்சை படிந்த வெண்கலக் காசாக, பயாஸ் நானாவின் பழைய சாமான் கடையில் கிடந்தார். அவரை மீட்க ஒரு பிரெஷர் குக்கர் தேவைப்பட்டது. கொடுத்தாயிற்று.

வாசலில் மனைவி நிரோஷா நின்றாள். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பொத்திய கை எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

“கையை விரிங்க.”

விரித்தான்.

“மறுபடியும் பழைய காசா? இனி வாங்க மாட்டேன்னு பிள்ளையார் முன்னுக்குச் சத்தியம் பண்ணினீங்களே?”

“சேச்சே! இது மந்திரிச்ச தகடு. கண்ணூறு படாம இருக்க ஒரு சாமியார் குடுத்தாரு.”

“அப்ப இதுல உள்ள சாமி கையில ஏன் சிலுவை இருக்கு?”

“சூலம். ரெண்டு முனை தேஞ்சிருச்சு.”

“பின்னால பெருசா ‘எம்’னு போட்டிருக்கே?”

இந்த இடத்தில் அவன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பழைய காசு சேர்க்கிறவனால் மூச்சை அடக்க முடியும், விளக்கத்தை அடக்க முடியாது.

“அது எம் இல்ல. கிரேக்கத்துல நாற்பதுன்னு அர்த்தம்!”

“சாமியாருக்குக் கிரேக்கமும் தெரியுமா?”

“கொஞ்சம் படிச்ச சாமியாரு.”

“சரி. அப்ப நாற்பது நாள் விரதம். மீன், இறைச்சி, முட்டை தொடக்கூடாது. குடுங்க, அந்தப் பாசியைப் புளி போட்டுத் தேய்ச்சிடுறேன்.”

சுரேந்திரன் கையைப் பின்னுக்கு இழுத்தான். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பச்சை! அது போனால் காசின் மதிப்பும் போய்விடும்.

“தேய்க்காத! பச்சையிலதான் சக்தியே இருக்கு!”

“அப்ப சந்தனம் பூசி வைக்கிறேன்,” என்று வாங்கிக்கொண்டாள். “ஆமா, குக்கர் எங்க?”

“றப்பர் மாத்தக் குடுத்திருக்கேன்.”

மறுநாள் மாலையிலிருந்து சக்கரவர்த்தி சாமி படத்துக்குக் கீழே, சந்தனத்துக்குள் முழுசாக மறைந்து, குங்குமப் பொட்டோடு வீற்றிருந்தார். சுரேந்திரன் பக்தியோடு சூடம் காட்டினான். சோற்றுக்குப் பூசணிக்காய். மறுபடியும் பூசணிக்காய். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால், ஜன்னலோரம் நின்று வெறும் சோற்றை விழுங்கினான். ஜஸ்டினியனின் படைவீரர்கள்கூட அவருக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியிலிருந்து கோழி வாசம் வந்தது. அவனுடைய ராஜ விசுவாசம் அத்தோடு முடிந்தது.

“நிரோஷா, மன்னிச்சிரு. அது தகடு இல்ல, காசுதான். சாமியாரும் இல்ல, விரதமும் இல்ல. ஒரு துண்டு கோழி போடு!”

“தெரியுமே.”

உள்ளே ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு விசில்.

“நம்ம குக்கர் சத்தம் மாதிரி இருக்கு?”

“நம்ம குக்கர்தான். அடுத்த நாளே பார்த்துட்டேன். பயாஸ் நானா கடை முன்னுக்கே வச்சிருந்தாரு. உங்க பழைய காசைக் குடுத்தேன், குக்கரைத் திருப்பித் தந்துட்டாரு.”

சுரேந்திரன் சாமி படத்துக்கு ஓடினான். சந்தனத்தைச் சுரண்டினான். உள்ளே ஒரு சோடா மூடி.

“அப்ப இத்தனை நாளா நான் சூடம் காட்டினது இதுக்கா?”

“மூடியா இருந்தாலும் நேர்ந்த விரதம் நேர்ந்ததுதாங்க. நாற்பது நாள் இன்னும் முடியல,” என்று அவள் அவன் சோற்றில் பூசணிக்காயைப் போட்டாள்.