டாக்டர் ஒபெங்கின் வாழ்க்கையில் நான் அடித்த வரிகள்

கியாக்தானில் குடியும் கடையுமாக விளங்கும் மோகன் அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மிங்கலா தாங்ஞுன்டிலிருந்து மைத்துனன் அய்யாசாமி அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். என் வீட்டுக்காரி விஜயகுமாரியும் மாலாவும் சௌக்கியம். அக்காவின் சர்க்கரை மட்டுப்பட முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசப் பயமாக இருப்பதால் இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் மாலாவைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். ஏன் விட்டாள் என்பது இந்தக் காகிதத்தில் வேண்டாம். இப்போது எங்கள் முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறாள். நான் அந்த அறையில் சும்மா உட்கார்ந்தால்கூட யாராவது வந்து எனக்கு நாக்கை நீட்டிவிடுகிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு பெரியவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்களே, அங்கேதான் வந்தது வினை. மற்ற பிள்ளைகள் சாந்தமான மகான்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, இவள் எங்கோ படித்து டாக்டர் ஒபெங் என்ற ஆப்பிரிக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மீன்காரியின் மகன். கப்பலேறிப் போய் டாக்டருக்குப் படித்து முதலாவதாகத் தேறி ஊர் திரும்பினால், கறுப்பு டாக்டர் வெள்ளைக்காரரைத் தொடக் கூடாது, நேற்று மீசை முளைத்த வெள்ளைக்காரனுக்குக் கீழேதான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் வேலையை உதறிவிட்டு அம்மாவின் மீன் கொட்டகையிலேயே வைத்தியம் தொடங்கினார். கொள்ளைநோய் வந்தபோது ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்தக் கவர்னர் உத்தரவு போட, குடிசை வாசலில் போய் நின்றார், பத்திரிகையில் எழுதினார், சிறைக்குப் போனார், வெளியே வந்து நகரசபைத் தேர்தலில் ஜெயித்தார். அத்தான், இதைக் கேட்கக் கேட்க எனக்கு வியர்த்து ஊற்றியது. வேலையை உதறிய டாக்டர், சிறை, தேர்தல்! இந்த ஊரில், இந்தப் பட்டாளக் காலத்தில்!

அவள் எழுதி வைத்த பேச்சைத் திருத்த நானே பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். வேலையை விட்டதை ‘ஓய்வெடுத்தார்’ என்று ஆக்கினேன். சிறையை ‘சில காலம் வெளியூரில் தங்கினார்’ என்று மாற்றினேன். தேர்தலை ‘நல்ல பெயர் எடுத்தார்’ என்றும், கவர்னரை ‘உயரமான ஒருவர்’ என்றும் திருத்தினேன். முடிவில் ஒபெங் பிறந்தார், காய்ச்சல் பார்த்தார், ஓய்வெடுத்தார், வெளியூரில் தங்கினார், காலமானார். மாலா படித்துப் பார்த்தாள்.

“அப்பா, இது ஒபெங் இல்ல. நீங்கதான்.”

பேச்சு நாளன்று மண்டபத்தில் முதல் வரிசையிலேயே வார்டு ஆபீஸ் அதிகாரி ஊ டின். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம். இவள் மைக்கைப் பிடித்து, “தமிழ் புரியாத தம்பி தங்கச்சிங்க பாதிப் பேர் இருக்கீங்க, அதனால பர்மா பாஷையில பேசுறேன்” என்றாளே பார்க்கலாம். நான் அடித்த ஒரு வரியையும் விடவில்லை. சிறை வந்ததும் நான் பலமாக இருமினேன். “எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல, பயம்தான்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். கவர்னரின் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி, வெள்ளை டாக்டர்கள் கைவிட்டு, ஒபெங்கைச் சிறையிலிருந்து கூட்டிப் போனார்களாம். அவர் விடிய விடியக் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்க வைத்துவிட்டு, “இப்போ நான் தொட்டது பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தானே சிறைக்கு நடந்தாராம். அத்தான், உங்களிடம் மறைப்பானேன், முதலில் கை தட்டியது நான்தான். பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வர, கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். ஊ டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கொடுத்த லட்டைத் தொடவில்லை, எழுந்து போய்விட்டார். லட்டைத் தொடாத அதிகாரி எதற்கும் துணிந்தவர் அல்லவா? அதிலிருந்து தெருவில் மோட்டார் சத்தம் கேட்டாலே நான் விளக்கை அணைத்துவிடுகிறேன். விஜயகுமாரியோ, “அவருக்கும் சர்க்கரையா இருக்கும்” என்கிறாள்.

ஆகவே மாலா நாளைப் பஸ்ஸில் வருவாள். கேட்பவர்களிடம் ஆற்றுக் கோயிலைப் பார்க்க வந்தவள் என்று சொல்லுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் குடும்பத்துக்கு எக்குறையும் வராமல் முருகன் காப்பானாக.

இப்படிக்கு,
தூக்கமில்லாத மைத்துனன்,
அய்யாசாமி

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் ஊ டின்னே வந்துவிட்டார். “டாக்டர் பொண்ணு எங்கே?” என்றார். கியாக்தானுக்குப் போய்விட்டாள் என்று உங்கள் விலாசத்தையும் உளறிவிட்டேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. “எங்கம்மாவுக்குக் காய்ச்சல் விடவே இல்ல. மண்டபத்துல நான் கேட்டதை வீட்டுல போய்ச் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கிட்டதான் கையைக் காட்டுவேன்னு பிடிவாதம். கார்ல உக்கார வச்சிருக்கேன், அப்படியே கியாக்தானுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். அப்போது உள்ளேயிருந்து மாலா வந்து, “எங்கேயும் போக வேண்டாம், அம்மாவை உள்ள கூட்டிட்டு வாங்க” என்றாள். ஊ டின் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து, மாலா வரமாட்டாள். ஆனால் பாயை மட்டும் விரித்தே வையுங்கள் அத்தான். நாளைப் பஸ்ஸில் நான் வருகிறேன்.