தேங்காய் காட்டிய கல்லூரி

கல்லூரிப் பட்டம் செலவுக்குத் தகுந்ததா என்று உலகம் நெடுநாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறது. பொருளாதார மேதைகள் வரைபடம் போட்டார்கள். தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். விடை கிடைக்கவில்லை. அதை ஒரு தேங்காயைக் கொண்டு இருபது நிமிடத்தில் தீர்த்துவைத்த பெருமை, திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே குடியிருக்கும் வெள்ளியங்கிரி அவர்களையே சேரும். நித்யஸ்ரீ அவருடைய ஒரே மகள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் அவள்தான் என்பதால், அவள் பெயரையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

வெள்ளியங்கிரிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி இரண்டு. நான்கு மாநிலங்களில் பூமியைத் துளைத்தவர். அவருடைய தொழில் தர்மம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "நாம காசு வாங்கறது அடிக்குங்க. தண்ணிக்கு இல்லீங்க." அறுநூறு அடியிலும் குழியிலிருந்து வெறும் புகையாக வரும்போது நிலத்துக்காரர் முகம் வெளுக்கும். அப்போது வெள்ளியங்கிரி ஒரு பிடி கல்தூளை எடுப்பார், முகர்வார், கண்ணை மூடுவார். "ஈரம் காட்டுதுங்க. இன்னொரு நூறடி போட்டுப் பாத்தறலாமுங்க" என்பார். ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் கூடும். தொழிலில் இதற்கு 'ஆலோசனை' என்று பெயர். ஆலோசனைக்கென்று அவர் தனியாக ஒரு பைசா வாங்கியதில்லை.

நித்யஸ்ரீ அந்தக் கல்தூளில் வளர்ந்தவள். லாரி ஊர் திரும்பும்போதெல்லாம் டூல் பெட்டியின் அடியில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி, கழுவி, ஊர்ப்பெயரும் ஆழமும் எழுதி, பிஸ்கட் டப்பாக்களில் போட்டுவைப்பாள். அதிகம் பேசமாட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், யாருக்கும் தொந்தரவில்லாமல், பி.எஸ்ஸி. நிலவியலுக்கு விண்ணப்பித்துவிட்டாள். சேலத்து அரசு கலைக்கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்கு வரச்சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி.

"வருசத்துக்கு எவ்வளவு அம்மிணி?" என்று அப்பா கேட்டார்.

சொன்னாள். ரிக் லாரி அரை மணி நேரத்தில் குடிக்கிற டீசல் காசு அது.

வெள்ளியங்கிரி திடுக்கிட்டார். "அத்தன கம்மியா? அப்புறம் அது என்னத்த படிப்பு? கல்லப் படிச்சா கல்லு என்ன சொல்லும்?"

"எங்க தண்ணி இருக்கும், எங்க இருக்காதுன்னு சொல்லுமுங்கப்பா."

"இருக்காதுன்னு சொல்றதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்றார்.

அம்மா சரிதாவின் கவலை வேறு. அவர் எதையும் இறுதிப் பயனிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பவர். "ஏனுங்க, நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல போடோணுமில்லீங்களா? மாப்பள பேருக்குப் பின்னால நாலு எழுத்து இருக்கும். இவ பேருக்குப் பின்னால கல்லுன்னா போடுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை நந்தகுமார் வந்தார். ஞானஊற்று ஹைடெக் பொறியியல் கல்லூரியின் 'மாணவர் எதிர்கால அலுவலர்'. வெள்ளைக் கார், வழவழப்பான புத்தகம், இலவசமாக ஒரு முதுகுப்பை.

"எங்க கிட்ட இப்ப சாதா கோர்ஸே கெடையாதுங்க சார். சிவில் வித் ஏ.ஐ., மெக்கானிக்கல் வித் ஏ.ஐ., கம்ப்யூட்டர் வித் ஏ.ஐ. மெஸ்ஸுல கூட ஏ.ஐ. தானுங்க."

"சோறு?" என்றார் சரிதா.

"சோறு மட்டும் பழைய முறைங்க மேடம்."

"செலவு எவ்வளவுங்க ஆகும்?"

"நாலு வருசத்துக்கு, பஸ், லேப்டாப், கோட்டு எல்லாம் சேத்து பதினாலு லட்சமுங்க."

"நம்மூரு வெயிலுக்குக் கோட்டு எதுக்குங்க?"

"போட்டாத்தானுங்க சார் கார்ப்பரேட் லுக் வரும்."

வெள்ளியங்கிரிக்கு முகம் தெளிந்தது. பதினாலு லட்சம் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் தொழில்காரர் அல்லவா, கேட்டார்: "முடிச்சா வேலை கெடைக்குமுங்களா?"

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் 'உதவி' உண்டுங்க. மூணாம் வருசத்துலயே அறிகுறி தெரிய ஆரம்பிச்சிரும். அப்படித் தெரியலீன்னா மேல எம்.இ. போட்டுப் பாத்தறலாமுங்க."

வெள்ளியங்கிரி தலையைச் சாய்த்து யோசித்தார். இந்தப் பாட்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. நித்யஸ்ரீக்குப் பிடிபட்டது.

ஆக வழிகள் மூன்று. ஒன்று, அரசு கல்லூரி. இரண்டு, ஞானஊற்று. மூன்று, படிப்பே வேண்டாம். அந்தப் பணத்தை மூன்றாவது லாரிக்கு முன்பணமாகக் கட்டிவிடலாம். மற்றவர்களாக இருந்தால் சொந்தக்காரர்களைக் கேட்டுக் கெட்டுப்போயிருப்பார்கள். வெள்ளியங்கிரி விஞ்ஞானத்தை நம்புகிறவர். கைபேசியை எடுத்து அங்கமுத்துவை அழைத்தார்.

அங்கமுத்து நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக் நிலத்துக்காரரின் காட்டில் நடப்பார். தண்ணீர் இருக்கும் இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே குழி போடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வெள்ளியங்கிரியின் லாரிக்கு இடம் காட்டியவர் அவர்தான். ஒவ்வொரு இடத்துக்கும் வெள்ளியங்கிரி அவருக்குப் 'போக்குவரத்துச் செலவு' கொடுப்பார். இத்தனை வருடத்தில் ரிக் லாரி போகமுடியாத இடத்தில் அந்தத் தேங்காய் ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை. பூமாதேவிக்கு டிரைவர்கள்மேல் அவ்வளவு கரிசனம்.

எப்போதும் மஞ்சள் பையில் தேங்காய் கொண்டுவரும் அங்கமுத்து, அன்று மதியம் ஞானஊற்று என்று எழுதிய புதிய முதுகுப்பையில் கொண்டுவந்தார்.

கூடத்தில் மூன்று இடங்கள் தயாராயின. அரசு கல்லூரிக்கு, பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒற்றைத் தாள். ஞானஊற்றுக்கு, அந்த வழவழப்பான புத்தகம். படிப்பு வேண்டாம் என்பதற்கு, எதுவும் எழுதாத ஒரு வெள்ளைத் தாள். நந்தகுமார் நாற்காலியில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் மாரியாயி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி போட்டிருப்பவர். அங்கமுத்து காட்டிய இடத்தில் வெள்ளியங்கிரி போட்ட இரண்டு குழிகளும் வெறும் குழிகள். அதைக் கேட்டுவிட்டுப் போகத்தான் காலையிலேயே வந்திருந்தார். காதில் கல்லுத்தோடு மின்ன, கேட்கவந்ததை மறந்து, உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். ஒற்றைத் தாளுக்கு மேல் தேங்காய் தூங்கியது. வெள்ளைத் தாளுக்கு மேல் புரண்டுகூடப் படுக்கவில்லை. வழவழப்பான புத்தகத்துக்கு மேல் வந்ததும் விருட்டென்று எழுந்து நட்டுக்குத்தலாக நின்றது.

"நாலு இஞ்சுத் தண்ணி ஊத்து இருக்குதுங்க!" என்றார் அங்கமுத்து. "அதுவுமில்லாம காலேஜ் பஸ்ஸு ஊட்டு வாசலுக்கே வருமுங்க."

மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் நித்யஸ்ரீ பேசினாள். அந்த வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது. "ஏனுங்கப்பா, மூணையும் ஒரே மாதிரி கவருக்குள்ள போட்டு, எது எதுன்னு தெரியாம வெச்சுப் பாத்தா என்னங்க?"

அங்கமுத்து சிரித்தார். "ஆயிரம் அடிக்குக் கீழ இருக்கறது தெரியறவனுக்கு கவருக்குள்ள இருக்கறது தெரியாதுங்களா சாமி?"

"அதுக்குத்தானுங்க."

சரிதா அலமாரியில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் ஒரே மாதிரி மூன்றை எடுத்துவந்தார். புத்தகம் கவருக்குள் நுழையவில்லை. கட்டண விவரம் போட்ட தாளை மட்டும் கிழித்து உள்ளே போட்டார். மூன்று கவர்களையும் முந்தானைக்குள் வைத்துக் கலக்கி, தரையில் பரப்பினார்.

அங்கமுத்து ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார். நெற்றியில் வியர்வை இறங்கியது. தேங்காய் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது. மூன்றாவது சுற்றில், ஓரத்துக் கவருக்கு மேலே, ஒரு முடிவுக்கு வந்ததுபோல எழுந்து நின்றது.

பிரித்தார்கள். வெள்ளைத் தாள்.

நந்தகுமார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"படிக்க வேண்டாங்கறதுக்கு வெச்ச தாளுப்பா அது" என்றார் வெள்ளியங்கிரி.

"அது நீங்க வெச்ச அர்த்தமுங்க. தேங்காய்க்கு அது எப்படீங்க தெரியும்?" என்ற அங்கமுத்து, சட்டென்று தெளிந்தார். "வெள்ளத் தாளுன்னா என்னங்க? இன்னும் எழுதாத படிப்பு. இனிமே வரப்போற படிப்பு. சார் சொன்னாரே ஏ.ஐ., அதையேதான் மறுக்காவும் சொல்லுது!"

"கரெக்டுங்க!" என்றார் நந்தகுமார்.

வெள்ளியங்கிரி மகளைப் புழக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே குழிக்குள் இறக்கும் கேசிங் பைப்புகள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, இருவத்திரண்டு வருசமா அந்தத் தேங்காய நிக்க வெக்கறவன் நானு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறயா?"

"அப்பறம் எதுக்குங்கப்பா?"

"வாசல்ல மாரியாயி உக்காந்திருக்குது. ரெண்டு குழி. உள்ள நான் தேங்காய் பொய்யின்னு சொன்னா, அது வெளிய என்ன கேக்கும்?"

"காசைக் கேக்குமுங்க."

"அது ஒண்ணு கேட்டாப் பரவால்ல சாமி. இந்தத் தாலூக்காவுல மட்டும் ஆயிரத்தி எறநூறு குழி இருக்குது."

நித்யஸ்ரீ பைப்புகளைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணி என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள். பிறகு, "சரிங்கப்பா" என்றாள்.

ஒரு தேங்காயின் நற்பெயரைக் காப்பாற்றப் பதினாலு லட்சத்தையும் ஒரு மகளையும் கொடுக்கத் துணிந்த தொழிலதிபர் உலகத்தில் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை. வெள்ளியங்கிரி கூடத்துக்குத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "தேங்காய் சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று அறிவித்தார். சரிதா அன்றே மனத்துக்குள் பத்திரிகை அடித்துவிட்டார். மாரியாயி எழுந்து வந்து, தன் காட்டில் மூன்றாவது குழிக்கு நாள் குறித்துக்கொண்டார். அவர் கொண்டுவந்து கட்டிய முன்பணத்தில்தான் நித்யஸ்ரீயின் முதல் செமஸ்டர் கட்டணம் கட்டப்பட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணி, எந்தச் சத்தமும் இல்லாமல் வந்துபோனது.

நித்யஸ்ரீ கோட்டுப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் வித் ஏ.ஐ. படிக்கிறாள். பட்டம் முடியுமுன்பே அதன் பயன் தெரியத் தொடங்கிவிட்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இரண்டு லாரிகளின் பக்கவாட்டிலும் 'பொறியாளர் மேற்பார்வையில் ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தரப்படும்' என்று ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. கம்ப்யூட்டர் படிக்கிறவள் பூமிக்குள் என்ன பார்ப்பாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பொறியாளர் என்றால் பொறியாளர்.

செமஸ்டர் விடுமுறையில் மாரியாயியின் காட்டில் மூன்றாவது குழி. அப்பா அவளையும் அழைத்துப்போனார். கோட்டுடன்.

அறுநூறு அடி போயிற்று. கம்ப்ரஸர் சத்தம் நின்றது. புகை அடங்கியது. மரவள்ளி இலையிலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது தூள். அப்பாவின் கைபேசியில் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது: இரண்டாம் செமஸ்டர் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர் அதைப் படித்தார். குனிந்து ஒரு பிடி தூளை எடுத்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"ஈரம் காட்டுதுங்க" என்றார்.

நித்யஸ்ரீயும் குனிந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்தாள். முந்நூறு அடியிலிருந்து இதே கல்தான் வந்துகொண்டிருந்தது. இதில் வெடிப்பு இல்லை. தண்ணீர் தங்க இடமில்லை. பிஸ்கட் டப்பாவில் இதே கல் பதினோரு துண்டு இருக்கிறது. பதினொன்றும் வெறும் குழிகளிலிருந்து வந்தவை. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக மாரியாயியிடம் போனாள்.

"அக்கா, வேண்டாங்க. நிறுத்திக்கங்க. இதுக்குக் கீழ எத்தன அடி போட்டாலும் இதே கல்லுதானுங்க. தேங்காயெல்லாம் பொய்யிங்க."

லாரிமேல் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரியின் கையிலிருந்த தூள் கொட்டியது.

மாரியாயி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் காதில் அந்தக் கல்லுத்தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தார்.

"ஏங் கண்ணு, உன்னையக் காலேஜுக்கு அனுப்புனதே அந்தத் தேங்காதான? வாசல்ல உக்காந்து நான் ரெண்டு கண்ணால பாத்தனே. பதினாலு லட்சத்த உங்கப்பன் அது நின்ன எடத்துல கொண்டுபோய்ப் போட்டாரு. நீயும் சரின்னுட்டுப் போயிச் சேந்துட்ட. இம்புட்டுப் படிச்ச புள்ள, அது பொய்யா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டயா?"

நித்யஸ்ரீ கையிலிருந்த கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாரியாயி வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார். "அவ சின்னப் புள்ளைங்க, எதோ சொல்லுது. நீங்க இன்னொரு நூறடி போடுங்க."

அடுத்த ராடு குழிக்குள் இறங்கியது. ஆராய்ச்சியின் முடிவை இனித் தயக்கமில்லாமல் வெளியிடலாம்: பட்டம் செலவுக்குத் தகுந்ததுதான். செலவு செய்தவர், காதில் வேப்பங்குச்சியோடு, தண்ணீர் வரும் என்று குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.