பல் டாக்டர் அடைத்த எஞ்சின்

"மாப்பிள்ளை, மறுபடியும் ஊத்துது!"

மாமனாரின் சத்தம் கேட்டு, மாடியில் குடியிருந்த பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு கீழே ஓடி வந்தார். மாமனார் அப்போதுதான் தம் பழைய காரைக் கிளப்பியிருந்தார். எஞ்சினின் தலைமேல் இருந்த தகர மூடிக்கு அடியிலிருந்து எண்ணெய் வழிந்து, சூடான குழாயில் பட்டுப் புகைந்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமலிருக்க முந்தின நாள்தான் டாக்டர் புது கார்க் கேஸ்கெட் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பணும். பஸ்ல போய் இறங்கினா அவ மதிக்கவே மாட்டா. பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடவா?"

"எதுக்கு மாமா? நாள் பூரா சொத்தைப் பல்லை அடைக்கிறேன். இது ஒரு ஓட்டையா?"

"அப்படிச் சொல்லுங்க!" மாமியார் காபியோடு வந்தார். "வெளியாள் எதுக்கு? எங்க மாப்பிள்ளை கையே போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அத்தை அவரைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

உதிரிபாகக் கடைக்காரர், டாக்டர் கழற்றி எடுத்து வந்த கேஸ்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கார்க்கை இப்படியா சார் முறுக்குவாங்க? சக்கையாப் பிழிஞ்சிருக்கீங்க. பசை என்ன, ட்யூப் முழுக்கவா?"

"ஒழுகக் கூடாதேன்னு..."

"அதான் வழுக்கிக்கிட்டு வெளிய பிதுங்கியிருக்கு. ரப்பர் கேஸ்கெட் தரேன். பழசை ஒட்டச் சுரண்டுங்க. பசை மூலையில மட்டும் ஒரு பொட்டு. போல்ட்டை நடுவுலேருந்து ஆரம்பிச்சு, சமமா, பதமா முடுக்குங்க."

டாக்டர் அன்று க்ளினிக்கை மத்தியானமே பூட்டினார். பல்லில் படியும் காரையை எடுக்கும் கருவியாலேயே பழைய கார்க் துணுக்குகளைச் சுரண்டினார். போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருந்த தகர மூடியைத் தட்டிச் சமன் செய்தார். மூலைகளில் பொட்டு வைத்து, பதமாக முடுக்கி, பசை காய்ந்ததும் எஞ்சினை ஓடவிட்டார். ஒரு சொட்டுக் கசிவில்லை. "இன்னிக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க" என்று காரிடம் சொல்ல வாயெடுத்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாமனார் வண்டியைக் கிளப்பினார். புகையில் வாசலே தெரியவில்லை.

டாக்டர் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். விரலோடு சேர்ந்து சுழன்றன.

"நிறுத்தி வெச்ச வண்டியில இதெல்லாம் எப்படி மாமா கழலும்?"

"வயசானா எல்லாம் தானா ஆடும் மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?"

"ஆடினா விட்டுடுவேனா?"

ரோஷம் வந்துவிட்டது. கடைக்காரர் சொன்ன பதமெல்லாம் காற்றில் போனது. ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே முறுக்கு முறுக்கினார்.

டக்!

போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. வேர் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. மாமனார் அக்காவுக்குப் போன் போட்டார். "வண்டி படுத்துடுச்சுக்கா. அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்." மருமகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

டாக்டர் கையெல்லாம் எண்ணெயோடு வாசல்படியில் உட்கார்ந்தார். ஆசை ஆசையாகக் கிளம்ப இருந்த இரண்டு பெரியவர்களின் பயணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. என்னாலதான் எல்லாம் போச்சு."

"அட, விடுங்க. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க? கொடுப்பினை இல்லைன்னு நினைச்சுக்கறேன்." மாமியார் இன்னொரு காபியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

என்ன தங்கமான மனசு என்று டாக்டருக்குக் கண் கலங்கியது.

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"டாக்டர் தம்பி, எங்க வீட்டு ஸ்பேனர் உங்க அத்தைகிட்ட இருக்கு. நாத்தனார் வீட்டுப் பயணம் நிக்கிற வரைக்கும் தினமும் விடியக்காலையில வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க. நின்னுடுச்சா?"