மைனஸ் இருபத்தேழு என்று படித்தவன் நான்

வில்லோ பெண்ட், மானிடோபா
ஞாயிறு மாலை

அன்புள்ள டார்லீன் அக்காவுக்கு,

விக்டோரியாவில் நீயும் மழையும் நலமென்று நம்புகிறேன்.

நடுவர் கையெழுத்திட்ட தாளின்படி, இன்று பிற்பகல் மூன்று பத்துக்கு நம் லாரிசாவின் ஐஸ் ஹாக்கி அணி ஆஷ் கிரீக் அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டு வருஷத்தில் முதல் வெற்றி. கோல் காத்தவள் பதினோரு வயது லாரிசா. வந்த இருபத்து நான்கு அடியில் இருபத்து மூன்றைத் தடுத்தாள். எண்ணியவன் நான்.

சும்மா ஜெயிக்கவில்லை, அக்கா. இடைவேளையில் பெற்றோர் எல்லாரும் வழக்கம்போல திறந்தவெளித் திடலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தோம், அம்மாக்களில் ஒருத்தியான ஜாய்ஸ் கொண்டுவந்த, கல்லாய் உறைந்த ரொட்டியைக் கடித்த ஒருவருக்குப் பல் ஆடிவிட்டது, அப்போது பார்த்து ஆஷ் கிரீக் பயிற்சியாளர் கோஸ்டியுக், தன் லாரியில் மைனஸ் முப்பது காட்டுகிறது என்று கிளப்பினார். விதி உனக்குத் தெரியும்: கடைசிப் பகுதிக்கு முன் திடலோரக் குடில் சுவரிலுள்ள வெப்பமானி மைனஸ் இருபத்தெட்டுக்குக் கீழே போனால் ஆட்டம் செல்லாது, இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும். நாங்களோ ஒரு கோல் முன்னால் இருந்தோம். யார் பார்த்துச் சொல்வது என்று பேச்சு வந்தபோது கோஸ்டியுக்கே என்னைக் காட்டினார்.

"வாரன், ஆடுறது உன் மக. இருந்தாலும் முப்பத்தோரு வருஷமா பேப்பர்ல எழுதுற. நீ சொன்னா ஒத்துக்கிறேன்."

பேனா மை உறைந்து போனதால் பென்சிலை எடுத்து, கையுறையைக் கழற்றி, காபிக் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முழுசாக ரெண்டு நிமிஷம் நின்று படித்தேன். மைனஸ் இருபத்தேழு. "உன் லாரிக்கு வயசாயிடுச்சு, கோஸ்டியுக்" என்றேன். ஜாய்ஸ் அதைப் படம் பிடித்தாள். ஆதாரமாக இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடைசி நிமிஷத்துல மூணு பேர் லாரிசா மேல விழுந்தாங்க. எழுந்து பார்த்தா வட்டு அவ வயித்துக்கு அடியில, கோல் கோட்டுக்கு இந்தப் பக்கம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, கலங்கினது இமையில உறைஞ்சு ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிச்சு. வெற்றிச் சங்கு ஊதினதைக் காதாலதான் பார்த்தேன்.

உன் வீட்டுக் குழாய்கள் ஒருநாளும் உறையாதிருக்கட்டும்.

தம்பி,
வாரன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் லாரிசா அந்தப் படத்தைப் பார்த்தாள். "அப்பா, வெப்பமானிக்கு நேர் கீழ ஆவி பறக்குதே, அது உங்க காபிதானே?"

என் காபிதான். நிஜமாக எத்தனை டிகிரி இருந்திருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். இரண்டு வருஷத்தில் முதல் வெற்றி என்பதைக் கொஞ்சம் நினைவூட்டினேன். அவள் நேரே போய் கோஸ்டியுக்குக்கு போன் போட்டாள்.

"எங்கப்பா காபியச் சூடு பார்த்துட்டார். மறுபடி ஆடலாம். மறுபடியும் தோப்பீங்க."

வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த போனை நான் செய்திருக்க மாட்டேன், அக்கா. அவள் செய்தாள்.

எனவே மேலே எழுதிய வெற்றி செல்லாது. இருபத்து மூன்று தடுப்பை நான் வாபஸ் வாங்கவில்லை. மறுஆட்டம் சனிக்கிழமை பகல் பதினொன்றுக்கு. வெப்பமானியை கோஸ்டியுக் பார்ப்பார். முன்னறிவிப்பு மைனஸ் முப்பத்தொன்று. ஆட்டம் உண்டா என்பது சனி காலை பத்தரைக்குத் தெரியும். எனக்குக் காபி இல்லை என்பது இப்போதே உறுதி.