பெட்டி அண்ணாச்சியும் கோல்கொண்டா உச்சியும்

கடவுள் எங்கும் இருக்கிறார் என்று நம்புகிறவர்கள் ஐதராபாத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். திருடன் எங்கும் இருக்கிறான் என்று அதே பக்தியோடு நம்பியவர், எனக்குத் தெரிந்து, பெட்டி அண்ணாச்சி ஒருவர்தான்.

திருநெல்வேலிக்காரர். போவன்பள்ளியில் எங்கள் கீழ்வீடு. ராணுவம் கழித்துப் போட்ட பழைய குட்டி லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். கூரை கிடையாது, கதவு கிடையாது. பின்னால் சாமான் வைக்கும் இடம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். ஞாயிறு வந்தால் என்னை ஏற்றிக்கொண்டு ஏதாவது கோட்டைக்குக் கிளம்பிவிடுவார். கோட்டை வந்ததும் அவர் மட்டும் இறங்குவார்.

“சாமான் கெடக்கு. நீரு இருந்துக்கிடும் வே. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்.”

சாமான் என்பது ஒரு ஜாக்கி, ஒரு தண்ணீர் கேன், தூக்குச்சட்டியில் புளியோதரை. இவற்றைக் காவல் காத்தபடி பீதரையும் வாரங்கலையும் பார்த்தேன். அதாவது, அங்கே வண்டி நிறுத்தும் இடங்களைப் பார்த்தேன். கோல்கொண்டாவுக்கு மட்டும் நான்கு முறை. அதன் உச்சியில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம். எனக்குத்தான் புளியோதரை இருந்ததே.

கோல்கொண்டா வாசலில் கை தட்டினால் உச்சியில் கேட்கும் என்பார்கள். திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி வர்ணிப்பார். “உச்சியில நின்னு கை தட்டினேனே, கேட்டுச்சா?”

“இல்லையே அண்ணாச்சி.”

“அப்பம் காதை டாக்டர்ட்ட காட்டும்.”

காட்டினேன். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அவர் சொன்னதையும், அண்ணாச்சியின் வர்ணனையையும் வழக்கம்போல் அன்றைய தேதியில் டைரியில் எழுதி வைத்தேன்.

ஒருநாள், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி ஆடிப்போனார். “கோவப்படாதேயும் வே. சாமானுக்கு ஒரு வழி பண்ணிருவோம். ரெண்டு பேருமா ஏறுவோம்.”

முதலில் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டினார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க அவருக்கே அரைமணி ஆனது. ஒரு குரங்கு அதைச் சுலபமாக முடித்தது. அடுத்து, தகர டிரங்குப் பெட்டியைச் சங்கிலியால் பிணைத்தார். காய்கறி மார்க்கெட்டில் சங்கிலியோடு டிரங்கு போயிற்று. வெளியே கிடந்த வெங்காய மூட்டையை யாரும் தொடவில்லை. அண்ணாச்சி அதையும் அவமானமாக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் பாலாநகரில் ஒரு வெல்டிங் பட்டறை. கனத்த இரும்புத் தகட்டில் பெட்டி, கீல் உட்பக்கம், மழைக்கு ரப்பர் விளிம்பு, இரண்டு பூட்டு. பெட்டியை வண்டியின் அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, கழற்ற முடியாதபடி போல்ட் தலைகளையும் பற்றவைக்கச் சொன்னார்.

பட்டறை பாய்க்குப் பொறுக்கவில்லை. “கைக்கு சாப், எதுக்கு இவ்ளோ? தங்கம் வைக்கிறீங்களா?”

“புளியோதரை” என்றார் அண்ணாச்சி.

பிறகு அடுக்ககத்தில் அறிவிப்பு: திறந்து காட்டுபவருக்கு ஒரு கிலோ அல்வா. வாட்ச்மேன் கடப்பாரையோடு காலை முழுவதும் போராடினார். பெட்டியில் பெயின்ட் மட்டும் போனது. அண்ணாச்சி கண்கலங்கி அவருக்கே அல்வா கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கோல்கொண்டா. இரண்டு பூட்டையும் பூட்டி, இழுத்துப் பார்த்து, இருவரும் இறங்கி நடந்தோம். கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் புரிகிற உருதுவில் கேட்டார்: “என்ன சாப், இன்னிக்கு உங்க தூணுக்குப் பின்னாடி நிக்கலயா? வண்டி அங்கேருந்துதானே நல்லாத் தெரியும்?”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தூணைப் பார்த்தார்.

“நீங்க உள்ளயே போனதில்லையா?”

“நீரு கண்ணசந்துருவீரு வே. வண்டியை விட்டுட்டு எப்படிப் போவ?”

“அப்போ உச்சி? கை தட்டினது?”

“கைடு புஸ்தகத்துல போட்டுருக்கான்.”

நான்கு முறை நான் சாமானைக் காவல் காத்திருக்கிறேன். அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். டைரியில் அத்தனை பக்கமும் பொய். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் இரண்டு பையன்கள் பெட்டியைத் தட்டிப் பார்க்க, அண்ணாச்சி ஓடிவிட்டார். அன்றும் உச்சி இல்லை. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

போன வருஷம் அண்ணாச்சி மகளோடு இருக்கப் புனேவுக்குப் போனார். லாரியை விற்றார். பெட்டியைப் பெயர்க்க முடியாததால் அதுவும் சேர்ந்தே போனது. வாங்கியவர் அதில் கோழித்தீவனம் போட்டு வைத்திருக்கிறார். பூட்டுவதில்லை.

போன மாதம் நான் தனியாக உச்சிக்கு ஏறினேன். வாசலில் யாரோ கை தட்டினார்கள், தெளிவாகக் கேட்டது. எல்லோரும் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் வண்டி நிறுத்தும் இடத்தில் கூரையில்லாத வண்டி ஏதாவது நிற்கிறதா என்று தேடியது. இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, பலமாக ஒருமுறை கை தட்டினேன்.